கட்டம் டீச்சர்

கட்டம் டீச்சரிடம் ஒரு செய்தியை முழுதாகச் சொல்லி முடித்தவர் ஊரில் யாரும் கிடையாது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள், "நிறுத்துங்க" என்று கையைக் காட்டிவிட்டுச் சிலேட்டை எடுத்துவிடுவார். நெடுக்கே சில கோடு, குறுக்கே சில கோடு. "இப்பச் சொல்லுங்க. யாரு, எப்ப? எந்தக் கட்டத்துல வருது?" கோழி காணாமல் போன கதையானாலும் சரி, கொழுந்தியாள் கோபித்துக்கொண்டு போன கதையானாலும் சரி, கட்டத்தில் ஏறினால்தான் அவர் காதில் ஏறும். ஆசையாகக் கதை சொல்ல வந்தவர்களுக்கு ருசியே போய்விடும். எனக்கும் முதல் சில மாதங்கள் பற்றிக்கொண்டு வந்தது.

ஆவூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடம். ஐம்பதுகளின் தொடக்கம். நான் இலுப்பூரிலிருந்து போன புது வாத்தியார். நெற்றியில் விபூதியோடு அந்தப் பள்ளிக்குள் நுழைந்த ஒரே ஆள் நான்தான். டீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார். கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை, விரல் நுனியில் எப்போதும் கரி. அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஊரில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் கட்டம் போடாத சுவர் இல்லை. யார் வகுப்பைக் கூட்டுவது, யார் தண்ணீர் எடுப்பது, யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை வரும் என்பதற்கெல்லாம் கட்டம். மேலே ஆட்கள், பக்கவாட்டில் நேரம். ஒரு பெயருக்குக் கீழே நெடுகப் பார்த்துக்கொண்டு போனால் அந்த ஆள் செய்ய வேண்டியதெல்லாம் வரும். குறுக்கே பார்த்தால் ஒரே நேரத்தில் எல்லோரும் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது வரும். வெறும் கட்டத்தைக் காட்டி ஒரு பிள்ளை, "டீச்சர், எனக்கு இங்க ஒண்ணும் போடலையே" என்று கேட்டால், "போட்டிருக்கேன். சும்மா இருன்னு போட்டிருக்கேன்" என்பார். அந்தப் பிள்ளை அந்த நேரம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு மும்முரமாகச் சும்மா இருக்கும்.

ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பாடக் குறிப்பைக் கேட்டார். டீச்சர் நீட்டியதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாடக் குறிப்பா, ஆடுபுலி ஆட்டமா?" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் முகம் சுண்டிப்போனது. "நான் போர்டுல எழுதுற நேரத்துல பிள்ளைங்க என்ன செய்யுதுங்கன்னு பக்கத்துலயே போட்டிருக்கேங்க" என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். "வாக்கியமா எழுதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். டீச்சர் பல நாள் உட்கார்ந்து அத்தனையையும் வாக்கியமாக எழுதி என்னிடம் கொண்டுவந்தார். "படிச்சுப் பாருங்க சார். நான் பேசி முடிச்ச பெறகுதான் இதுல பிள்ளைங்களே வருது." படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஆனால் வாக்கியம் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவருக்கு வந்த ஒரு சம்பந்தம் கட்டத்தால் கெட்டது. மாப்பிள்ளை மணப்பாறைப் பக்கம், தறி வைத்திருந்தவர். தரகர் வந்து பெண்ணிடமே பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதில் தடையில்லை, வீட்டையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடமும் போகலாம் என்றார். டீச்சர் சிலேட்டில் இரண்டு நெடுங்கட்டம் போட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று வரப்போகிறவருக்கு. விடியலில் தொடங்கி ஒரு நாளைத் தரகரிடமே கேட்டுக் கேட்டு நிரப்பினார். டீச்சர் பக்கத்தில் இடமில்லாமல் இரண்டு வேலை ஒரே கட்டத்துக்குள் ஏறிவிட்டது. மாப்பிள்ளை பக்கம் தறி நேரம் போக மற்றதெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. சிலேட்டைத் தரகர் பக்கம் திருப்பி வைத்தார். தரகர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் சொல்லி ஊரே கேலி செய்யும். ஆனால் கேலி செய்கிறவர்கள்கூட ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது பாஸ்கு.

பெரிய வெள்ளிக்கிழமை சேசுநாதர் பாடுபட்டுச் சாவதை நாடகமாகக் காட்டுவார்கள், அதுதான் பாஸ்கு. அந்த ஊரில் மனிதர்கள் வேஷம் கட்டுவதில்லை. எல்லாம் மரத்தில் செதுக்கிய சுரூபங்கள். படுதாவுக்குப் பின்னால் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்க இழுக்க, பிலாத்து கை கழுவுவார், சேவல் தலையைத் தூக்கும், வானதூதர் இறங்குவார். கடைசியில் சிலுவையிலிருந்து இறக்குவது. அந்தச் சுரூபம் தேக்கு. தோளில் மூட்டு வைத்துச் செய்தது. ஆணியைக் கழற்றியதும் கைகள் தொங்கும். அக்குளுக்கடியில் வெள்ளைத் துணியைக் கொடுத்து, அதன் இரண்டு முனையிலும் கயிறு கட்டிச் சிலுவையின் குறுக்குக் கட்டைக்கு மேலாகப் போட்டு, பின்னால் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் மெல்ல விட வேண்டும். கீழே ஒருவர் நின்று தாங்கி வாங்க வேண்டும். ஊரே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. மணி கிடையாது, பாட்டு கிடையாது, வாய்க்குள் சொல்லும் செபம் மட்டுந்தான்.

டீச்சரின் அப்பாதான் முன்பு பாஸ்கை நடத்தியவர். கீழே நின்று வாங்குவதும் அவர், அடிக்குரலில் கயிற்றுக்காரர்களுக்குச் சொல்வதும் அவர். ஒரு வருஷம் "இடது விடு" என்றார். விட்டார்கள். "வலது" என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் சுரூபம் சாய்ந்து, துணியிலிருந்து நழுவி, அவர் இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

இதை டீச்சர் என்னிடம் சொன்னபோது மட்டும் சிலேட்டை எடுக்கவில்லை. "அப்பா தப்பாச் சொல்லல சார். சரியாத்தான் சொன்னாங்க. ஒண்ணா நடக்க வேண்டியத ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாச் சொன்னாங்க. வாய்க்கு வேற வழியில்ல" என்றார். அதைக் கேட்ட பிறகு அவர் என் பேச்சைப் பாதியில் நிறுத்தினால் எனக்குக் கோபம் வருவது நின்றுபோனது.

அப்பா இடத்தில் டீச்சரின் தம்பி கீழே நிற்கத் தொடங்கினான். தம்பிக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. அக்காவுக்கு அவன் அங்கே நிற்பதில் மனமில்லை. அதனால் டீச்சர் பாஸ்குக்குக் கட்டம் போட்டார். சிலுவை நட்டு மந்திரித்த பிறகு படுதாவுக்குப் பின்னால் பெண்கள் போகக்கூடாது என்பது வழக்கம். தான் இல்லாத இடத்தில் தன் சொற்படி வேலை நடக்க வேண்டும். கயிற்றுக்காரர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மேடை பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டித்தான் போடுவார்கள். ஆகவே சிலுவை நடுவதற்கு முன்பே அந்தச் சுவரில் கரியால் வரைந்து வைத்துவிடுவார். மேலே ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு படம். கீழ்நோக்கிக் கோடு போட்டால் விடு. வட்டம் போட்டால் பிடி. இரண்டு கட்டத்தைச் சேர்த்துத் தடிக் கோடு இழுத்திருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக.

நான் அந்த ஊருக்குப் போவதற்கு முந்தின வருஷந்தான் முதல் கட்டம். பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தே பழகியவர், மேடை முன்னாலிருந்து எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் சுவரில் இருந்ததை அப்படியே செய்தார்கள். இடம் வலமானது. வானதூதர் யூதாசு பக்கமாக இறங்கி அவன் தலையில் இடித்தார். பிலாத்து கிண்ணம் இல்லாத பக்கம் கை கழுவினார். சனம் பெரிய வெள்ளியும் அதுவுமாகச் சிரித்துவிட்டது. இறக்குவதற்கு முன் தம்பிக்குச் சந்தேகம் வந்து, கட்டத்தைப் பார்க்காதீங்க என்று கயிற்றுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். அதனால் தப்பித்தது. டீச்சர் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். அடுத்த வருஷத்துக்கு எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் மாற்றி வரைந்தார். அந்த நாட்களில் அவர் பிள்ளைகளிடம் இடது, வலது என்று எதைச் சொன்னாலும் மாற்றியே சொன்னார்.

எனக்கும் சுவரில் ஒரு வேலை வந்தது. சிலுவை நடுவில் நிற்பதால் இடக்கயிற்றுக்காரருக்கு வலக்கயிற்றுக்காரர் தெரியாது. இரண்டு பேருக்கும் சுவர் தெரியும். இறக்கும்போது நான் ஒரு பெட்ரோமாக்ஸை வைத்துக்கொண்டு, பிரம்பால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு கீழே வர வேண்டும். இரண்டு பேரும் பிரம்பைப் பார்த்துத் அவரவர் கட்டத்தைச் செய்வார்கள். அந்தச் சுரூபத்தின் தலை ஒரு பக்கம் கனம். அதனால் வரிக்கு வரி மாறும். ஓர் இடத்தில் இரண்டும் ஒரு சாண், ஓர் இடத்தில் ஒன்று நிற்க மற்றது மட்டும். அது முழுதும் டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும். என் பிரம்புக்குச் சுவர் போதும் என்று இரண்டு வருஷம் நடத்திவிட்டோம்.

மூன்றாவது வருஷம் பெரிய வெள்ளிச் சாயங்காலம், சனம் கூடிய பிறகு, பெட்ரோமாக்ஸை ஏற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். சுவர் வெள்ளையாக இருந்தது.

பெரிய வாரத்துக்குக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளையடிப்பார்கள். அந்த வருஷம் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கிறது. கோயில் காரியங்களைப் பார்க்கும் கோயில்பிள்ளை, ஆண்டவர் தொங்குகிற இடத்துக்குப் பின்னால் கரிச்சுவர் இருக்கக்கூடாது என்று பக்தியோடு அதற்கும் இரண்டு கை அடிக்கச் சொல்லிவிட்டார். ஈரத்தில் கரிக்கோடெல்லாம் சுண்ணாம்புக்கு மேலாகவே தெரிந்திருக்கிறது. "பாருங்க, கோடு கெடல" என்று திருப்தியாகப் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெயிலில் காய்ந்ததும் ஒரு கோடும் இல்லை. மற்றக் காட்சிகளைக் கயிற்றுக்காரர்கள் பழக்கத்திலேயே இழுத்துவிடுவார்கள், இறக்குவதைத்தான் முடியாது.

கோயில்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி, "அக்காவ உள்ள விடுங்க. அஞ்சு நிமிசத்துல போட்டுட்டுப் போயிரும்" என்றான்.

"சிலுவை நட்டாச்சுப்பா. இனிப் பொம்பளைங்க வரப்படாது. நான் வச்ச சட்டமா அது?"

"கீழ நிக்கிறது நான்தானே?"

"பங்குச் சாமியார்கிட்டக் கேக்கலாம்னா அவரு பிரசங்கத்துல இருக்காரே. நீ வேணா இந்த வருசம் நிக்காத."

"நான் நிக்காம வேற யாரு மேல விழணும்?"

வயதான மனிதரின் கண் கலங்கியிருந்தது. நான் மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கீற்றுத் தட்டிக்குப் போய், ஒரு சிறுமியை அனுப்பி டீச்சரை வரச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சுவர் வெள்ளையானதைச் சொன்னேன். "நான் சொல்லச் சொல்ல நீங்க வரைஞ்சுக்குங்க சார்" என்றார்.

"மொதல்ல ரெண்டும் ஒரு சாண். அப்பறம் வலது நிக்கணும், இடது ஒரு சாண். அப்பறம் இடது நிக்க, வலது அரைச் சாண். தலை அங்கிட்டுச் சாயும். சாயும்போதே இடது..."

"இருங்க டீச்சர். சாயும்போதா, சாஞ்ச பெறகா?"

"சாயும்போதே."

"அப்ப வலது?"

"வலதுந்தான். அதுக்குள்ள."

"எதுக்குள்ள?"

மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் கேட்ட கேள்வியில் அவருக்கே இரண்டு வரி இடம் மாறியது. மூன்றாம் முறை பாதியில் நிறுத்திக்கொண்டார். கீற்றுக்குள் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"அப்பாவும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

மேடைக்கு முன்னால் பிரசங்கம் முடியப்போகும் குரல் கேட்டது.

"விட்டுடுங்க சார். கயித்துக்காரங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லுங்க. இறக்குற நேரத்துல ஆண்டவரோட ஐந்து காயச் செபம். பொம்பளைங்க எல்லாம் கைய விரிச்சுக்கிட்டு முட்டி போட்டிருப்போம். நான் முன்வரிசையில நடுவுல இருப்பேன். சுவரப் பாக்க வேணாம். என் கையப் பாக்கட்டும்."

"எந்தக் கை, எந்தக் கயிறு?"

"அத அவங்களுக்குச் சொல்லிக் குழப்பாதீங்க. நேரா எதிர எந்தக் கை இருக்கோ, அதான். மாத்துறத நான் மாத்திக்கிறேன்."

இரண்டு பேரிடமும் சொன்னேன். தம்பியிடமும் சொன்னேன். அவன், "அக்கா பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிலுவைக்கடியில் போய் நின்றான். படுதா மெல்லிய துணி. பின்னால் வெளிச்சம் இருந்தால் முன்னால் இருப்பது தெரியாது. சுவருக்கு இனி விளக்கு எதற்கு என்று என் பெட்ரோமாக்ஸை அணைத்தேன். பின்னால் இருட்டியதும், முன்விளக்குகளின் வெளிச்சத்தில் பெண்கள் வரிசை முழுதும் படுதா வழியாகத் தெரிந்தது. அத்தனை பேரும் இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரித்து முழங்காலில் நின்றார்கள். நடுவில் டீச்சர்.

ஆணியைக் கழற்றினார்கள். சுரூபத்தின் கைகள் தொங்கின. கயிறுகள் விறைத்தன. டீச்சரின் இரண்டு கைகளும் சேர்ந்து கொஞ்சம் இறங்கின. சுரூபம் ஒரு சாண் இறங்கியது. பிறகு ஒரு கை நின்றது, மற்றது மட்டும் இறங்கியது. பிறகு இது நின்றது, அது இறங்கியது. தலை சாய்ந்தது. சாயும்போதே இரண்டு கைகளும் ஒன்றாக, ஆனால் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் இறங்கின. சாயும்போதா சாய்ந்த பிறகா என்று நான் அவரைக் கேட்டு உயிரை வாங்கிய இடம் அது. பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் உதடுகள் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. கண் தம்பியை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் இருந்த பெண்கள் டீச்சரைப் பார்த்தார்கள். இறக்கும்போது கையை இறக்க வேண்டும்போல என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் அப்படியே இறக்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசை. இடக்கயிற்றுக்காரர் என் அருகில், "எல்லாக் கையும் எறங்குதே சார்" என்று பயந்துபோய் முணுமுணுத்தார். "நடுக் கையப் பாரும்" என்றேன்.

தம்பி கையை நீட்டி வாங்கினான். துணியோடு சேர்த்து மார்பில் அணைத்து, கீழே மாதா சுரூபத்தின் மடியில் வைத்தான். டீச்சர் அப்படியே குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. எனக்கு அன்றைக்கு வந்த அழுகையை நான் மறைக்கவில்லை. இருட்டாகத்தானே இருந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போய் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் முழங்காலிட்டு, கைகளை விரித்து மறுபடி ஒருமுறை இறக்கிக் காட்டினாராம். பெரியவர் முழுதும் பார்த்துவிட்டு, "அப்படித்தான்" என்றாராம். மறுநாள் டீச்சர் வலக்கயிற்றுக்காரரைப் பிடித்து, கடைசியில் ஒரு விரல்கடை அதிகம் விட்டதற்காகச் சத்தம் போட்டார். அடுத்த வருஷம் முதல் இறக்குவதற்குச் சுவர் இல்லை. டீச்சர் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று கோயில்பிள்ளையே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அறுபதுகளில் நான் வாத்தியார் வேலையை விட்டு மெட்ராஸில் ஓர் ஆபீஸில் சேர்ந்தேன். கணக்குப் போடும் பெரிய இயந்திரம் ஒன்று வந்திருந்தது. அதற்கு வேலை சொல்ல எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் முதலில் போர்டு நிறையக் கட்டம் போட்டு அம்பு இழுத்தார். எனக்கு மனசு துள்ளியது. பிறகு அவர், "இயந்திரத்துக்குப் படம் புரியாது, இதை வரி வரியாக மாற்றுங்கள், வரிக்கு ஒரு அட்டை" என்று சொல்லிவிட்டு போர்டைத் துடைத்தார். எனக்கு இன்ஸ்பெக்டர் நினைவு வந்தது.

டீச்சர் அப்போது மணமேல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். லீவில் பார்க்கப் போனேன். துளைபோட்ட அட்டைகள் சிலவற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சருக்குத் தலை நரைத்திருந்தது. விரலில் கரி இருந்தது. நான் விளக்கத் தொடங்கியதும் வழக்கம்போல் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் கட்டந்தானே சார். நெடுக்கேயும் இருக்கு, குறுக்கேயும் இருக்கு."

"அட்டை கட்டந்தான் டீச்சர். ஆனா ஒரு அட்டைக்கு ஒரு வரி. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணுதான் படிக்கும்."

"ஒண்ணா நடக்கிறத எங்க எழுதுவீங்க?"

"எழுத முடியாது."

"அப்ப யாரு மேலயாவது விழும்" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பெரிய வெள்ளிக்கு அந்தக் கிராமத்துக்குப் போக வாய்த்தது. டீச்சர் வரவில்லை. அவர் அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. தேக்குச் சுரூபத்தைக் கோயிலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, லேசான புதுச் சுரூபம் வாங்கியிருந்தார்கள். கயிறு கிடையாது. இரண்டு பேர் ஏணியில் ஏறித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கீழே தம்பிதான் நின்றான். அவனுக்கும் நரைத்துவிட்டது.

ஆணியைக் கழற்றியதும் பெண்கள் அத்தனை பேரும் விரித்த கைகளை இறக்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் இரண்டும் சேர்ந்து. பிறகு ஒன்று நிற்க, மற்றது மட்டும். பிறகு அது நிற்க, இது. டீச்சரைப் பார்த்தேயிராத சின்னப் பெண்கள்கூடத் தப்பாமல் செய்தார்கள். ஒரு பெண்ணிடம் பிறகு கேட்டேன், ஏன் அப்படி என்று. "ஆண்டவர் எறங்கையில நம்ம கை மேல நிக்கலாமா? அது அப்படித்தாங்க, ஆதியிலேருந்து" என்றாள்.

தம்பி மட்டும் ஏணிப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் பார்வை முழுதும் பெண்கள் முன்வரிசையின் நடுவில் இருந்தது. அங்கே யாரோ ஒரு பெண் கையை இறக்கிக்கொண்டிருந்தாள். கடைசி இறக்கத்துக்குத் தன் கைகளை நீட்டிச் சுரூபத்தைப் பார்க்காமலேயே வாங்கினான்.

கூட்டம் கலைந்த பிறகு, "இப்பத்தான் கயிறே இல்லையே, அங்கிட்டு எதப் பாக்குறே?" என்று கேட்டேன்.

"மேல பாத்தா எனக்கு இன்னமும் பயம் வந்துரும் சார்" என்றான். "அக்கா கையப் பாத்தா வராது."